ஓசூர் லேத்தும் இருங்காட்டுக்கோட்டை வளைவும்

வெள்ளிக்கிழமை என்றால் குந்தாரப்பள்ளிக்கு ஆட்டுச் சந்தை. மற்ற நாட்களில் அந்த ஊர் கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலையில் ஒரு கூட்ரோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தியா எதில் ஏறி ஓடுகிறது என்பது புரிந்துவிடும். புத்தம் புது மோட்டார் சைக்கிள்களை அடைத்த கண்டெய்னர்கள், லாரி சேஸிஸை வெறும் சேஸிஸாகவே ஓட்டிப் போகும் டிரைவர்கள், உதிரிபாகப் பெட்டிகளை ஏற்றிய மினி லாரிகள் என்று வரிசை ஓயாது. பந்தயக் காலத்தில் அதே வரிசையில் வேறு சில பைக்குகளும் போகும். அவற்றுக்கு ஹெட்லைட் கிடையாது, கண்ணாடி கிடையாது, சைடு ஸ்டாண்டும் கிடையாது. ஓசூரில் தயாராகி, கிருஷ்ணகிரியில் திரும்பி, வேலூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகிற வண்டிகள் அவை.

பந்தயம் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஓர் ஆள். கோப்பை அவர் கையில், படம் அவருடையது, செய்தியில் பெயரும் அவருடையதே. அந்த வண்டியின் வால்வு எந்த நொடியில் திறக்க வேண்டும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எத்தனை மைக்ரான் இடைவெளி விட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் படத்துக்கு வெளியே நிற்பார்கள்.

இதைப் பேச அமெரிக்காவிலிருந்து தொடங்குவது வசதி. கடையில் வாங்கும் காரையே பந்தயத்தில் ஓட்டுவதுதான் ஸ்டாக் கார் பந்தயத்தின் ஆதி யோசனை. 1948-இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் முன்னின்று நாஸ்கார் அமைப்பை உருவாக்கினார். மறு ஆண்டு ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில், ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்கு மட்டும் என்று சொல்லி முதல் பந்தயம் நடந்தது. கொடியை முதலில் கடந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கில் யாரோ வேலை செய்திருந்தது தெரிந்தது. அது கள்ளச் சாராயம் கடத்தப் பயன்பட்ட ஃபோர்டு கார். பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல், வளைவில் நிலை குலையாமல் போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. டனவேயின் வெற்றி ரத்தாகி, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வென்றவரானார். ஆக, அந்த வரிசையின் முதல் பந்தயமே தடத்தில் முடியவில்லை, சோதனைக் கொட்டகையில்தான் முடிந்தது. பட்டறைக்காரரின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்ற தகராறு அன்று தொடங்கியது, இன்றுவரை தீரவில்லை.

அதே சார்லட்டைச் சுற்றித்தான் இன்றும் நாஸ்கார் அணிகளில் பெரும்பாலானவை பட்டறை வைத்திருக்கின்றன. லேத்து, வெல்டிங், எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் ஒரு வட்டாரத்தில் குவிந்தால் பந்தய அணியும் அங்கேதான் வேர் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் நம் நாட்டில் அந்த இடத்துக்கு உரிமை கோரக்கூடிய ஊர்களில் ஓசூருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடலாம். நம்மிடம் ஓடுவது பெரும்பாலும் இரண்டு சக்கரம் என்பது மட்டும் வித்தியாசம்.

ஓசூரில் டிவிஎஸ் ஆலை தன் 50 சிசி மொபெட்டை 1980-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டே ஆண்டில், 1982-இல், சொந்தமாகப் பந்தய அணி தொடங்கியது. மொபெட் விற்கிற கம்பெனிக்குப் பந்தயம் எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். சுஸுகியோடு சேர்ந்து செய்த 100 சிசி பைக் வந்ததே 1984-இல். அந்தக் காலத்தில் தென்னிந்தியப் பந்தயத்துக்கு வீடு சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குக் கூட்டம் திருவிழாபோல் திரண்டது. 1990-இல் அந்தக் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே 3.7 கிலோமீட்டர் தடத்தைக் கட்டி முடித்ததும் ஆட்டம் அங்கே மாறியது.

சோழவரத்துக் காலம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் காலம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட்டுகளை அரத்தாலும் கிரைண்டராலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும் நேரத்தை மாற்றுவதுதான் பெரிய வித்தை. அரை மில்லிமீட்டர் அதிகம் போய்விட்டால் அந்த சிலிண்டர் பழைய இரும்புக் கடைக்கு. சைலன்சரின் வயிறு எங்கே புடைக்க வேண்டும், எங்கே ஒடுங்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தகட்டை வெட்டி, உருட்டி, வெல்டிங் வைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி வெட்டுவார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் இதில் பெயரெடுத்த ட்யூனர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தைவிடப் பட்டறையில் அதிகம் படித்தவர்கள்.

இப்போது வேலை நான்கு ஸ்ட்ரோக்குக்கு வந்துவிட்டது. செதுக்குவது குறைந்து அளப்பது கூடிவிட்டது.

இந்திய தேசிய பைக் பந்தயங்களில் ப்ரோ-ஸ்டாக் என்று ஒரு பிரிவு உண்டு. அடிப்படை வண்டி ஷோரூமில் கிடைப்பதே. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை விதிப் புத்தகம் சொல்லும். அந்த வரம்புக்குள் நின்றுகொண்டு கடைசிச் சொட்டு வேகத்தையும் பிழிந்தெடுப்பதுதான் அணியின் வேலை. அதில் என்னென்ன நடக்கிறது என்று அறிய ஒரு நல்ல உதாரணம் கைவசம் இருக்கிறது. 2021 டிசம்பரில் டிவிஎஸ், பந்தயத்துக்குச் செய்த எஞ்சின் வேலையைச் சாலையில் ஓட்டுகிற மாதிரியே 200 வண்டிகளில் வைத்து விற்றது. பெயர் அப்பாச்சி ஆர்டிஆர் 165 ஆர்பி. அதன் அண்ணன்காரன், சாதாரண ஆர்டிஆர் 160 4வி, 159.7 சிசியில் 9,250 சுழற்சியில் 17.6 குதிரைத்திறனைக் கொடுத்தது. 165 ஆர்பி 164.9 சிசியில் 10,000 சுழற்சியில் 19.2 குதிரைத்திறனைத் தொட்டது. ஐந்து சிசி கூடியதற்கு ஒன்றரைக் குதிரை அதிகம். பெரிய வால்வுகள், அவற்றை உயரமாகத் தூக்கும் கேம், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங், மேலே குவிந்த பிஸ்டன் எல்லாம் சேர்ந்து கொடுத்தது அது.

பத்தாயிரம் சுழற்சி என்றால் என்ன என்று நிதானமாக யோசித்துப் பார்க்கலாம். கிராங்க் ஒரு நொடிக்கு 166 தடவை சுற்றுகிறது. பிஸ்டன் அத்தனை தடவை மேலே போய்க் கீழே வருகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 83 தடவை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் கேம் சொல்கிற நேரத்துக்கு வால்வு இறங்காது. மிதந்து நிற்கும், மேலே வருகிற பிஸ்டன் அதில் மோதும். அதற்குப் பிறகு அந்த எஞ்சினைத் தட்டில் அள்ளி எடுக்கலாம். இரட்டை ஸ்பிரிங் வைப்பதன் காரணம் இதுதான்.

சிலிண்டர் ஹெட்டின் அடிப்பகுதியை மெல்லிசாக மில்லிங் செய்தால் எரியறை சுருங்கி அழுத்தம் கூடும். வால்வு உட்காரும் இடத்தை மூன்று கோணங்களில் வெட்டினால் காற்று தடங்கலில்லாமல் வழுக்கிப் போகும். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கல் போடுகிற குறுக்குக் கோடுகள் எண்ணெயைப் பிடித்து வைக்கும். கோடு ஆழமானால் பிஸ்டன் ரிங் தேயும், ஆழம் போதாவிட்டால் எண்ணெய் நிற்காமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். இங்கே நடக்கும் பேரமெல்லாம் அதற்கும் கீழே.

எஞ்சினை விட்டு வெளியே வந்தாலும் மெஷினிஸ்டுக்கு ஓய்வில்லை. குனிந்து ஓட்டத் தோதாகத் தாழ்ந்த ஹேண்டில்பார், பின்னே தள்ளி உயர்த்திய கால்மிதி, அதைத் தாங்குகிற பிராக்கெட் எல்லாமே கட்டி அலுமினியத்தைக் குடைந்து எடுப்பவை. சி.என்.சி. மெஷின் இருக்கிறதே என்று சொல்லலாம், இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஒரு ரைடர் விழுந்து கால்மிதி முறிந்தால், சனிக்கிழமை தகுதிச் சுற்றுக்குள் வண்டி நிற்க வேண்டும். அப்போது புரோகிராம் எழுதிக்கொண்டிருக்க நேரமிருக்காது. கைவேலை தெரிந்தவரின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

இவற்றில் கொஞ்சமும் கவர்ச்சியில்லாத வேலை ஒன்று உண்டு. எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்குத் துளை போட்டு, அதில் கம்பியைக் கோத்து முறுக்கி, பக்கத்தில் அசையாத ஏதாவது ஒன்றோடு கட்டிவிடுவார்கள். அதிர்வில் போல்ட் கழலாமலிருக்க. கழன்று எண்ணெய் தடத்தில் சிந்தினால் விழப்போவது அந்த வண்டி மட்டுமில்லை, பின்னால் வருகிற பத்துப் பேரும்தான். கடினமான போல்ட் தலையில் மெல்லிய டிரில் பிட்டை உடைக்காமல் இறக்குவது புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பொறுமை கற்றுத்தரும் பாடம். சோதனை அதிகாரிகள் முதலில் குனிந்து பார்ப்பதும் இந்த மாதிரி இடங்களைத்தான்.

தடத்துக்குத் தடம் வண்டியும் மாறும். இருங்காட்டுக்கோட்டையில் நேர்சாலை நீளம். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான், வளைவுக்கு வளைவு நெருக்கம். முதலாவதில் உச்ச வேகம் வேண்டும், இரண்டாவதில் வளைவை விட்டு வெளியேறும் உந்துதல் வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ கணக்கே மாறிவிடும். ஃபார்முலா ஒன்னிலோ நாஸ்காரிலோ நடுவில் வண்டியை நிறுத்தி டயர் மாற்றுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் தேசிய பைக் பந்தயங்கள் சில சுற்றுகளில் முடிந்துவிடும் குறும்பந்தயங்கள். நடுவில் யாரும் கை வைக்க முடியாது. கொடி அசைவதற்கு முன்பே எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும்.

ரைடர்கள் பக்கம் வருவோம். சென்னையைச் சேர்ந்த ஜெகன் குமார் டிவிஎஸ் அணிக்காகப் பல தேசியப் பட்டங்களை வென்றவர். பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் எஃப்ஐஎம் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். போர்ச்சுகலின் ரீட்டா வியேராவைவிட நான்கே புள்ளிகள் அதிகம். கர்நாடகத்துக்காரர் கே.பி.அரவிந்த் உலகிலேயே கடினமான தக்கார் ராலியில் 2019-இல் 37-ஆவதாக முடித்தார். இவர்களெல்லாம் ஆக்ஸிலரேட்டரைத் திருகத் தெரிந்தவர்கள் மட்டுமில்லை. தடத்திலிருந்து உள்ளே வந்ததும், நான்காவது வளைவில் முன்சக்கரம் தள்ளுகிறதா, பின்சக்கரம் துள்ளுகிறதா, மூன்றாவது கியரில் இழுவை எங்கே விட்டுப்போகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள். டேட்டா லாகர் வந்த பிறகு இந்தப் பேச்சு தேவையில்லை என்று சிலர் நினைக்கலாம். டேட்டா வேகத்தைச் சொல்லும், சாய்வைச் சொல்லும். ரைடருக்கு எங்கே பயம் தட்டியது என்பதைச் சொல்லாது.

தக்கார் ராலியில் இந்த வேலைப் பிரிவினையே தலைகீழாகிவிடும். டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோ நிறுவனத்தோடு சேர்ந்து 2015-இல் அதில் பங்கெடுக்கத் தொடங்கியது. இரண்டு வாரம், இப்போது சவுதி அரேபிய மணல், நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதில் மாரத்தான் கட்டம் என்று ஒன்று வரும். அன்றிரவு மெக்கானிக்குகள் வண்டியைத் தொடக்கூடாது. டயரோ கிளட்சோ எதுவானாலும் ரைடரே மாற்ற வேண்டும், கூட ஓட்டுகிற ரைடர் வேண்டுமானால் உதவலாம். எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு ஸ்பேனரையும் பிடிக்கிற அந்த நிலைமையில்தான் தெரியும், பட்டறையில் எதையெல்லாம் எளிதில் கழற்றும்படி வடிவமைத்தார்கள் என்று. 2024 ஜனவரியில் கேரளத்தின் ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டி, ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார். ஒட்டுமொத்த வரிசையில் 11-ஆவது இடம். இந்தியர் ஒருவர் தக்காரில் ஒரு பிரிவை வென்றது அதுவே முதல் தடவை.

திறமையை மட்டும் அளக்க வேண்டுமென்றால் பட்டறையின் பங்கைச் சமமாக்கிவிட வேண்டும். ஒன்-மேக் பந்தயம் என்பது அதற்குத்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே பட்டறையில் தயாரித்தது. டிவிஎஸ் 1994-இல் இதைத் தொடங்கியது. 2016-இல் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. 2022 முதல் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டியோடு ஆசிய அளவிலும் நடக்கிறது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. இருபது எஞ்சின்களை இருபதும் ஒன்றுபோல் இழுக்கும்படி செய்வதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை என்பது என் கணிப்பு. ஒன்றை வேகமாக்குவதற்குப் பெயர் வரும். இருபதையும் சமமாக்குவதற்கு யாரும் கைதட்டுவதில்லை. ஒரே ஒரு ரைடர் என் வண்டி மந்தம் என்று முனகினால் போதும், இரவெல்லாம் எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி நிரூபிக்க வேண்டும்.

நான்கு சக்கரத்தில் இந்தக் கைவேலைக்குக் கோவைதான் தலைநகரம். எஸ்.கரிவரதன் 1988-இல் மாருதி 800 எஞ்சினை வைத்து, சாமானியர் எட்டிப்பிடிக்கும் விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நாட்டின் பந்தய ஓட்டுநர்களில் ஒரு தலைமுறையே அந்த மாதிரிக் கார்களில் பழகியது. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் தடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. ஸ்டாக் காருக்கு நம்மூரில் மிக நெருங்கிய சொந்தம் இந்தியன் டூரிங் கார் பிரிவு. ஹோண்டா சிட்டி, மாருதி எஸ்டீம், ஃபோக்ஸ்வேகன் போலோ என்று தெருவில் பார்க்கிற கார்களின் உள்ளே இருக்கைகளையும் மெத்தைகளையும் பிடுங்கிவிட்டு, இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டி ஓட்டுவார்கள். அந்தக் கூண்டின் ஒவ்வொரு வெல்டிங் தையலும் ஓர் உயிருக்குப் பொறுப்பு.

இது மிகைப் பேச்சில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார் பந்தயத்தில் நேர்ந்த விபத்தில் 59 வயதான மூத்த ஓட்டுநர் கே.இ.குமார் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் இறந்தான். எந்த வயதில் பிள்ளைகளைத் தடத்தில் இறக்குவது என்ற கேள்வி அதன் பிறகு உரக்க எழுந்தது. உரக்கத்தான் எழ வேண்டும்.

பந்தயத்தில் கற்றது சாலை வண்டிக்கு வருகிறது என்று கம்பெனிகள் சொல்வதில் விளம்பரம் பாதி. வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கருக்கும் லேப் டைமுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. மீதிப் பாதி உண்மை. 2018-இல் அப்பாச்சி ஆர்டிஆர் 200-இல் வந்த ஸ்லிப்பர் கிளட்ச் அதற்குச் சாட்சி. வளைவுக்கு முன் படபடவென்று கியரைக் குறைத்தால் எஞ்சினின் எதிரிழுப்பில் பின்சக்கரம் இறுகித் துள்ளும். அந்த நேரத்தில் கிளட்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டால் சக்கரம் தரையைவிட்டு எழாது. தடத்தில் இது சில நொடிகளை மிச்சப்படுத்தும். மழை நாளில் கிருஷ்ணகிரி – ஓசூர் சாலையில் சூளகிரி மேம்பாலத்து இறக்கத்தில் அவசரமாகக் கியர் குறைக்கிறவருக்கு விழாமல் வீடு போய்ச் சேர உதவும்.

இந்த வட்டாரத்துக் கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்ததும், அவற்றுக்கு ஜாப் ஆர்டர் செய்ய ஓசூரைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற டர்னர்கள், ஃபிட்டர்கள், கிரைண்டர்கள். ஐ.டி.ஐ. முடித்து அப்ரெண்டிஸாக நுழைகிற பையன்களுக்குக் கடிகாரப் பல்சக்கரமும் லாரி ஆக்ஸிலும் ஒரே ஊரில் கிடைக்கிற பயிற்சிப் பொருட்கள். இப்படிப்பட்ட ஊரில் பந்தயப் பட்டறைக்கு ஆள் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. ஆனால் தேர்வு கடுமை. உற்பத்தி வரிசையில் ஓர் உருப்படி வரம்புக்குள் இருந்தால் பாஸ். பந்தயத்தில் வரம்புக்குள் இருப்பது போதாது, அந்த வரம்பின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதுதான் வேலை. அந்த மனப்பழக்கம் எல்லாருக்கும் வராது.

ஒரு குறையையும் பதிய வேண்டும். நம் பந்தயப் பதிவேடுகளில் ரைடர் பெயர், அணி பெயர், நேரம் எல்லாம் உண்டு. எஞ்சின் கட்டியவர் பெயருக்குப் பத்தி கிடையாது. அமெரிக்காவில் கார்களின் தலைமை மெக்கானிக்குகளை ரசிகர்கள் பெயர் சொல்லித் திட்டுவார்கள், பெயர் சொல்லிக் கொண்டாடுவார்கள். இங்கே நாற்பது ஆண்டு அணி நடந்தும் ஸ்பேனர் பிடித்தவர்களின் வரலாறு எனக்குத் தெரிந்து யாராலும் எழுதப்படவில்லை. கோப்பையோடு எடுத்த குழுப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிற முகங்கள்தான் மிச்சம்.

இதற்கிடையே வேலையே உருமாறத் தொடங்கிவிட்டது. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் ஓலாவும், ஓசூரில் ஏத்தரும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. டிவிஎஸ் தன் பங்குக்கு அப்பாச்சி ஆர்டிஇ என்ற மின்சாரப் பந்தய பைக்கை உருவாக்கி, 2023-இல் ஒன்-மேக் பந்தயத்திலேயே இறக்கியது. அதில் வால்வு கிடையாது, கேம் கிடையாது, போர்ட் கிடையாது. ஹோனிங் கல்லுக்கு வேலையே இல்லை. பேட்டரி எவ்வளவு சூடாகலாம், எத்தனையாவது சுற்றில் மின்சாரத்தைச் சிக்கனமாக விட வேண்டும் என்பதை லேப்டாப் முன் உட்கார்ந்த இன்ஜினியர் முடிவு செய்கிறார். காது வைத்து எஞ்சினைக் கேட்டே பழுது சொன்ன தலைமுறைக்கு அதில் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் பேட்டரிப் பெட்டியைத் தாங்குகிற பிராக்கெட்டை யாரோ குடைந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. சக்கர பேரிங்குக்கான ஸ்பேசரைச் சரியான அளவுக்குக் கடைய வேண்டியிருக்கிறது. போல்ட் தலையில் கம்பி கோர்க்கத் துளை போடுகிற பையனுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.